கூத்துக்குப் பின்னால் போனவர்கள்: மட்டக்களப்புக் கூத்து ரசிகர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், மேற்குக் கரையான படுவான்கரையில் கூத்து என்று கேள்விப்பட்டால் பன்பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடும் கூட்டம் நாங்கள். இளந்தாரிகளாக இருந்தபோது தொடங்கியது, இப்போது பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒருவர் வேளாண்மை செய்கிறவர், ஒருவர் வான் ஓடுகிறவர், ஒரு அக்கா தையல்காரி. எழுதுகிறவன் நான், ஆனால் சொல்வது எல்லோருடைய கதையும்தான். லண்டனிலும் கனடாவிலும் இருந்து லீவில் வரும் சொந்தக்காரர், பல்கலைக்கழகப் பிள்ளைகள், ரவுணில் வளர்ந்த மருமக்கள் எல்லோரும் எங்களிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். அவற்றுக்குப் பதிலை ஓரிடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று பட்டது.

எந்தக் கூத்துக்குப் பின்னால் போனீர்கள்?

படுவான்கரையில் ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயரை எழுதாமல் விடுகிறேன், ஏனென்றால் அங்கே ஆடியவர்கள் பலர் இன்றைக்கும் வயலும் வீடுமாக இருக்கிறார்கள். அந்த ஊரில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் அவருடைய பிற்பாட்டுக்காரரும்தான் எங்களைப் பிடித்து வைத்தவர்கள். அவர்கள் கூத்துப் பழக்கினால் நாங்கள் அங்கே. வேறு ஊர் அவர்களைக் கூப்பிட்டுப் பழக்கச் சொன்னால் அந்த ஊரிலும் நாங்கள். கன்னன்குடா, முனைக்காடு, மகிழடித்தீவு, வந்தாறுமூலை, சீலாமுனை என்று கூத்தால் பெயரெடுத்த ஊர்கள் மட்டக்களப்பில் நிறைய. எல்லா இடத்திலும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் மனசு ஒரு செற்றோடுதான் ஒட்டும். அதற்குக் காரணம் சொல்லச் சொன்னால் அந்த மத்தளத்தின் அடியைத்தான் சொல்வேன்.

வெளிநாட்டில் ராக் இசைக்குழுக்களின் பின்னால் ஊர் ஊராகப் போகும் ரசிகர்கள் உண்டு. நீங்களும் அப்படியா?

இதை எங்களிடம் கேட்டது கனடாவில் இருந்து வந்த ஒரு மருமகன். கிரேட்ஃபுல் டெட் என்று கலிபோர்னியாவில் ஒரு குழு இருந்ததாம். 1965இல் தொடங்கி, 1995இல் ஜெரி கார்சியா இறக்கும்வரை முப்பது வருடம் மேடை மேடையாக வாசித்தார்கள். ஒரு இரவு வாசித்ததை அடுத்த இரவு அப்படியே வாசிக்க மாட்டார்கள். அதனால் ரசிகர்கள் ஒரு ஊரோடு நிற்காமல் அடுத்த ஊருக்கும் போவார்கள். 1984இல் இருந்து, கசெற்றில் பதிவுசெய்ய வரும் ரசிகர்களுக்கென்று மண்டபத்தில் தனி இடமே ஒதுக்கினார்களாம்.

கேட்டதும் எங்கள் ஆசிரியர் சொன்னார்: “தம்பி, அவங்க நம்மட ஆக்கள்தான்.” ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் வேறு. அங்கே மேடையில் நிற்பவர் ஊர் ஊராகப் போகும் தொழில்காரர். இங்கே களரியில், அதாவது கூத்தாடும் வட்டத்தில், அருச்சுனனாக ஆடுகிறவரை அடுத்த நாள் காலையில் வயலில் மண்வெட்டியோடு காணலாம். அவர் எங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ரசிகனுக்கும் ஆட்டக்காரனுக்கும் நடுவில் வேலி இல்லை.

வடமோடி, தென்மோடி: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

நீண்ட பதில் வேண்டுமானால் பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிச் செய்த பெரிய ஆய்வு இருக்கிறது. ரசிகனாக நான் சொல்வது இவ்வளவுதான்: இவை கூத்தின் இரண்டு பாணிகள்.

வடமோடி பெரும்பாலும் பாரதம், இராமாயணம். போர் வரும், கடைசியில் சாவு வரும். அரசர்களுக்கு உடுப்பே ஒரு சுமை. இடுப்பில் வட்டமாக விரிந்து நிற்கும் கரப்புடுப்பு, தோளில் புயக்கட்டை, தலையில் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம். கையில் வில்லோ தண்டாயுதமோ இருக்கும். அந்தப் பாரத்தோடு அவர் களரியைச் சுற்றிப் பாய்ந்து வரும்போது விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும். சின்னப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி இருப்பார்கள்.

தென்மோடியில் கதை அநேகமாகக் காதலில் தொடங்கிக் கல்யாணத்தில் முடியும். உடுப்பு பாரமில்லை, துணிதான். பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவார்கள், ஆட்டம் நுணுக்கம். தாளக்கட்டு, அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டு, ஒவ்வொன்றுக்கும் கால் வேறு வேறு கோலம் போடும். வடமோடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் தென்மோடி மெதுவாகத் தெரியும். கொஞ்சம் பொறுமையாக இருந்தால் அந்தக் காலில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று விளங்கும்.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், வடமோடி. எங்கள் தையல்கார அக்காவுக்குத் தென்மோடி. அனுருத்திரன் கதை என்றால் எத்தனை தரம் என்றாலும் இருந்து பார்ப்பா. இந்த விவாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை, முடியவும் தேவையில்லை.

இவை இரண்டும் மட்டுமில்லை. மகிடி, வசந்தன், பறைமேளக்கூத்து என்று இன்னும் இருக்கிறது. ஆனால் விடியவிடிய இருக்க வைத்தது எங்களை இந்த இரண்டு மோடிகளும்தான்.

கூத்து எப்போது தொடங்குகிறது? அரங்கேற்றத்தன்று போனால் போதாதா?

போதாது. இதைத்தான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்வேன்.

பெரும்போக வேளாண்மை வெட்டிச் சூடடித்து, நெல்லு வீட்டுக்கு வந்தபிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள். இந்த வருடம் கூத்துப் போடுவதா, என்ன கூத்து, யார் அண்ணாவியார் என்று பேசி முடிப்பார்கள். பிறகு சட்டம் கொடுத்தல். இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, அவரவர் பாட்டுள்ள கொப்பியைக் கொடுப்பது. அன்றைக்கே ஊரில் பாதிப் பேர் அங்கே நிற்பார்கள். யாருக்கு வீமன், யாருக்குத் துரோபதை என்று பார்க்க அவ்வளவு ஆவல். பெண் பாத்திரத்தையும் அந்தக் காலத்தில் ஆண்கள்தான் ஆடினார்கள். மெல்லிய உடம்பும் நல்ல குரலும் உள்ள பொடியனுக்கு அது போகும்.

அதன்பிறகு இரவு இரவாகப் பழக்கம். பகல் முழுக்க வேலை செய்த ஆட்கள், சாப்பிட்டுவிட்டு வந்து மண்ணில் கால் வைப்பார்கள். முதலில் பொடியடி, நாலடி, எட்டு, வீசாணம் என்று ஆட்டம். பிறகு பாட்டு. இரண்டும் சேர்ந்து வர மாதக் கணக்காகும். கால் ஓரளவு பிடிபட்ட பிறகுதான் சதங்கை அணியும் நாள். அன்றைக்கு முதன்முதலாகச் சதங்கை கட்டி ஆடுவார்கள். அரைகுறையாகத் தெரிந்த ஆட்டத்துக்குக் கூடச் சதங்கைச் சத்தம் ஒரு கம்பீரத்தைக் கொடுத்துவிடும். பிறகு அடுக்குப் பார்த்தல், அதாவது கூத்தை முதலில் இருந்து கடைசிவரை ஒழுங்காகப் போட்டுப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம்.

நாங்கள் பழக்கத்துக்கே போய்விடுவோம். அங்கேதான் அண்ணாவியாரை அருகில் பார்க்கலாம். அரங்கேற்றத்தன்று அவர் மத்தளத்தோடு சபையில் நிற்பார், ஆட்டக்காரரை நடத்துவார், தாளக்கட்டுச் சொல்வார். பழக்கத்தில் அவர் ஒரு பொடியனின் கணுக்காலைக் கையால் பிடித்து, “இந்த இடத்தில மிதி. மத்தளம் சொல்லுது, நீ கேட்கல்ல” என்று திருத்துவார். நாங்கள் முதன்முதலாகப் போனபோது எங்களுக்கும் அவர் சொன்னது அதுதான்: “தம்பிமார், முதல்ல குந்துங்க. கேளுங்க. பிறகு பாருங்க.”

ஒரே கூத்தை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்?

கதை தெரியும், பாட்டுத் தெரியும், யார் சாகப்போகிறார் என்பதும் தெரியும். பிறகென்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

கொப்பியில் உள்ள பாட்டு மாறாது, சரி. ஆனால் பாட்டு முடிந்ததும் வரும் ஆட்டம் அந்த இரவுக்குரியது. ஆட்டக்காரருக்கு மூச்சு இருக்கிறது, கால் நிற்கிறது என்று கண்டால் எங்கள் அண்ணாவியார் தாளத்தை விடமாட்டார். இன்னொரு சுற்று, இன்னும் கொஞ்சம் வேகம். ஆட்டக்காரரும் விடமாட்டார். இரண்டு பேரும் கண்ணால் பேசிக்கொள்வார்கள். சல்லாரித் தாளம் போடுகிறவர் சிரிப்பார். சனம் எழும்பிவிடும். நேற்று இதே பாட்டுக்கு இரண்டு சுற்றில் முடிந்த ஆட்டம் இன்றைக்கு ஆறு சுற்றுப் போகிறது என்பது, நேற்றும் இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆள் மாறும். ஒரு பாத்திரத்தை ஒருவர் ஆடிப் பேரெடுத்தால் அடுத்த தரம் அவருடைய தம்பிக்கோ மகனுக்கோ அது போகும். தகப்பன் ஆடிய வீமனையும் மகன் ஆடிய வீமனையும் பார்த்தவர்கள் நாங்கள். மகன் காலெடுத்து வைத்ததும், பக்கத்தில் இருந்த ஒரு கிழவி, “அப்பன்ட மிதி அப்பிடியே இருக்கு” என்றா. அந்த மிதியை அடையாளம் காண்பதற்கு எத்தனை இரவு கண்விழித்திருக்க வேண்டும்! ஒரு கூத்தை ஒரு தரம் பார்த்தவர் கதையைப் பார்த்தவர். பல தரம் பார்த்தவர்தான் ஆட்டத்தைப் பார்த்தவர் என்பது என் எண்ணம்.

விடியவிடிய எப்படி முழித்திருப்பது?

முழித்திருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. களரியைச் சுற்றி நாலு பக்கமும் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக இருப்பார்கள். பிள்ளைகள் தூங்கும். சண்டைக் கட்டம் வந்தால் தாய்மார் தட்டி எழுப்புவார்கள். பெரியவர்களும் நடுச்சாமத்தில் கொஞ்சம் சரிவார்கள். மத்தளம் வேகம் பிடித்ததும் தானாகக் கண் திறக்கும்.

பகலில் இரண்டு மணித்தியாலம் தூங்கிவிட்டுப் போங்கள். இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

சாப்பாடு, ரீ எல்லாம்?

கச்சான், அவித்த கடலை, சோளம், பிளேன்ரீ. களரிக்குக் கொஞ்சம் தள்ளி வரிசையாக விளக்கு வைத்து விற்பார்கள். அந்த ஊரில் உங்களுக்கு ஒருவரைத் தெரிந்தால் போதும், ஏதாவது ஒரு வீட்டில் சோறு இருக்கும்.

வாவியைக் கடந்து எப்படிப் போனீர்கள்?

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது விளங்காது. மண்முனைப் பாலம் 2014இல் திறந்தது. அதற்கு முன்பு ஆரையம்பதிப் பக்கத்தில் இருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக வேண்டுமென்றால் பாதையில்தான். எங்கள் ஊர்களில் வாவியைக் கடக்க ஆளையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையைத்தான் பாதை என்போம். இரவில் அது ஓடாது. பின்னேரம் கடைசிப் பாதையைப் பிடித்துவிட்டால் விடிந்து முதல் பாதை வரும்வரை திரும்ப வழியில்லை. கூத்து ரசிகனுக்கு இதைவிட வசதி வேறென்ன? வீட்டில் இருந்து யாரும் கூப்பிட முடியாது.

காலையில் திரும்பும்போது பாதை நிறையக் கூத்துப் பார்த்த சனம். தூங்கி வழிந்த முகங்கள். ஆனால் வாய் சும்மா இருக்காது. இரவு நடந்ததெல்லாம் அங்கேதான் திரும்ப ஒரு தரம் நடக்கும். அரசன் வருவதை முன்னால் வந்து அறிவிக்கும் கட்டியகாரன் எந்த வரியை விட்டான், துரோபதையின் குரல் எந்த இடத்தில் உடைந்தது, யாருடைய எட்டு சரியில்லை. ஒருவர் பாட, ஒருவர் பலகையில் தாளம் தட்டுவார். நாங்கள் கற்றுக்கொண்டதில் பாதி அந்தப் பாதையில் கேட்டதுதான். இப்போது பாலத்தால் மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம். பாலம் வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகிற சனத்துக்கு அது உயிர். ஆனால் நடுச்சாமத்தில் பாதிக் கூத்தோடு எழும்பிப் போகும் பழக்கமும் அந்தப் பாலத்தோடுதான் வந்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவில் பாதையில் போனவர்களுக்கு நான் சொல்வது நன்றாக விளங்கும்.

யுத்த காலத்தில் கூத்து நடந்ததா?

நடந்தது, நின்றது, திரும்ப நடந்தது. இதைப்பற்றிச் சுருக்கமாகத்தான் எழுத முடியும்.

இரவில் நடமாட முடியாத காலத்தில் இரவெல்லாம் ஆடும் கூத்துக்கு என்ன வழி? 1990க்குப் பிறகு ரவுணுக்கும் படுவான்கரைக்கும் நடுவில் சோதனைச் சாவடி வந்தது. அந்தப் பக்கம் கூத்து என்று தெரிந்தும் போக முடியாமல் வீட்டில் இருந்த வருடங்கள் உண்டு. காற்று வாகாக அடித்தால் மத்தளச் சத்தம் தண்ணீருக்கு மேலால் கேட்கும் என்று கரையில் இருக்கும் கூட்டாளி சொல்வான். கேட்டானோ, கேட்க ஆசைப்பட்டானோ, நாங்கள் நம்பினோம்.

2002இல் யுத்தநிறுத்தம் வந்ததும் வழி கொஞ்சம் திறந்தது. 2007இல் படுவான்கரைச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து ரவுண் பக்கம் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் இருந்தது. போகும்போது எடுத்துப் போனது உயிரையும் பிள்ளைகளையும்தான். கூத்துக் கொப்பிகளும் கிரீடங்களும் வீட்டு முகட்டில் இருந்தபடியே போயின. எங்கள் அண்ணாவியாரிடம் தகப்பன் கையால் எழுதிய கொப்பி ஒன்று இருந்தது. அது திரும்பக் கிடைக்கவில்லை. அவருக்குப் பாட்டு முழுக்க மனப்பாடம். ஊர் திரும்பியதும் எங்கள் ஆசிரியர் போய், அவர் சொல்லச் சொல்லப் பல நாளாக இருந்து எழுதி, புதுக் கொப்பி ஒன்றை அவர் கையில் கொடுத்தார். ரசிகர்கள் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

கசெற், வீடியோ: பதிவுகள் இருக்கின்றனவா?

எண்பதுகளில் ஒரு கூட்டாளி ரேடியோ கசெற்றைத் தூக்கிக்கொண்டு வருவான். பற்றறி பாதி இரவில் இறங்கிவிடும், அதனால் எந்தப் பாட்டை எடுப்பது என்று முதலிலேயே பேசி முடிவெடுப்போம். சில கசெற்கள் இன்னும் இருக்கின்றன. சத்தத்தில் பாதி பிள்ளை அழுகையும் நாய் குரைப்பும்தான், ஆனால் அந்த மத்தளம் தெளிவாகக் கேட்கும்.

இப்போது எல்லோர் கையிலும் ஃபோன். எடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: ஆட்டக்காரரின் முகத்தில் லைற் அடிக்காதீர்கள், எழுந்து நின்று பின்னால் இருப்பவரை மறைக்காதீர்கள். எடுத்ததை அந்த ஊருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த தரம் பழக்கும்போது அண்ணாவியாருக்கு அது உதவும்.

மேடையில் ஒன்றரை மணித்தியாலத்தில் ஆடும் கூத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

மரியாதையோடு நினைக்கிறோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் கர்ணன் போரை மேடையேற்றினார். அதற்கு வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் துணைநின்றார். அதற்கு முன்பு படித்தவர்களில் பலர் கூத்தை நாட்டுப்புறத்தான் வேலை என்று பார்த்தார்கள். அந்தப் பார்வையை மாற்றியவர்களில் வித்தியானந்தன் முதல் வரிசை. பின்னர் வந்த இராவணேசனில் இராவணனாக ஆடியவர் மௌனகுரு, எங்கள் அமிர்தகழிப் பிள்ளை. இன்றைக்குக் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பிள்ளைகள் கூத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள். சந்தோஷம்.

சீலாமுனையில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஊராக்களோடு இருந்து செய்த கூத்து மீளுருவாக்கம் என் மனசுக்கு இன்னும் நெருக்கம். அவர்கள் கூத்தை ஊரைவிட்டு வெளியே எடுக்கவில்லை. எந்தக் கதையை எப்படி மாற்றுவது, சாதியையும் பெண்ணையும் தாழ்த்திச் சொல்லும் வரிகளை என்ன செய்வது என்று களரியிலேயே ஊரோடு பேசினார்கள். அப்படிப் பேச வேண்டியதுதான். பழசு என்பதற்காக ஒருவரைக் காயப்படுத்தும் வரியை வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் மண்டபத்தில் கதிரையில் இருந்து ஒரு பக்கமாகப் பார்க்கும் கூத்து வேறு, வட்டக் களரியைச் சுற்றி இருந்து பார்க்கும் கூத்து வேறு. களரியில் ஆட்டக்காரருக்கு முதுகு என்று ஒன்று கிடையாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரைப் பார்த்துச் சனம் இருக்கும். சுருக்கிய கூத்தில் முதலில் வெட்டுப்படுவது ஆட்டத்தின் அந்த நீளம்தான், நான் மேலே சொன்ன ஆறு சுற்று. மண்டபத்தில் பார்த்து ருசி கண்டவர்கள் ஒரு முழு இரவுக்கு ஊருக்கு வரவேண்டும்.

பெண்கள் இரவில் தனியே போக முடிந்ததா?

பார்க்கப் பெண்கள்தான் கூட வருவார்கள். தனியே போவது குறைவு. அம்மா, பெரியம்மா, மச்சாள் என்று கூட்டமாகப் போவார்கள். எங்கள் தையல்கார அக்கா எங்களோடு சேர்ந்தது அப்படித்தான், மாமியோடு வந்து, பிறகு மாமி வராத நாளும் வந்தா. அவவுக்கு ஆட்டத்தை விட உடுப்பில் கண். எந்த அரசனுக்கு எந்த நிறம் எடுப்பாக இருந்தது என்று வருடக்கணக்காக ஞாபகம் வைத்திருப்பா. பிந்திய காலத்தில் ஊரார் அவவிடமே தென்மோடி உடுப்புத் தைக்கக் கொடுத்தார்கள். இப்போது பெண் பிள்ளைகளும் சதங்கை கட்டி ஆடுகிறார்கள். பெண் ஆடும் துரோபதையைப் பார்த்த அன்றைக்கு அக்கா சொன்னா: “இத்தனை காலம் பொடியனுகள் நல்லாத்தான் ஆடினாங்க. ஆனா இந்தக் கோபம் அவங்களுக்கு வரல்ல.”

மறக்க முடியாத இரவு எது?

ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் என்னுடையதைச் சொல்கிறேன்.

பதினெட்டாம் போர், பாரதப் போரின் கடைசி நாள் கதை. துரியோதனனாக ஆடியவர் ஒரு வேளாண்மைக்காரர், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அது அவருக்குக் கடைசிக் கூத்து என்று ஊரில் கதை. அவருடைய வரவுக்கு மைத்துனர்மார் வெடி கொளுத்தினார்கள், மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். முன்னிரவெல்லாம் ராசாவாகத்தான் ஆடினார்.

விடியப் போகும் நேரம். பனி இறங்கி மத்தளத்தின் சத்தம் மழுங்கிவிட்டது. அண்ணாவியார் வாரை இழுத்து இறுக்கினார். தம்பிமாரும் சேனையும் போய் ஒற்றையாக நிற்கும் துரியோதனன் பாட வேண்டிய இடம். முதல் அடியை எடுத்தார். குரல் வரவில்லை. இரவு முழுக்கப் பாடி அடைத்துப் போயிருந்தது. திரும்ப எடுத்தார், காற்றுத்தான் வந்தது. பிற்பாட்டுக்காரர் பாட்டைக் கையில் எடுத்தார்கள். அதோடு, எனக்குப் பின்னால் பாயில் இருந்த ஒரு கிழவரும் பாடத் தொடங்கினார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் களரியைச் சுற்றி இருந்த சனமெல்லாம் அந்தப் பாட்டைப் பாடியது. பல வருடமாகக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. துரியோதனன் வாயைத் திறக்காமல் ஆடினார். கரப்புடுப்பு சேற்று நிறமாகி, ஒரு பக்கத்துப் புயக்கட்டை கழன்று தொங்க, தண்டாயுதத்தை ஊன்றி ஊன்றி ஆடினார். வீமன் தொடையில் அடித்து அவர் விழுந்ததும் ஒரு பொம்பிளை ஓவென்று அழுதா. அவருடைய மனைவி என்று பிறகு சொன்னார்கள்.

நல்லவனா கெட்டவனா என்று அந்த நேரம் ஒருவரும் பார்க்கவில்லை.

அம்பாறைப் பக்கம்?

அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. கூத்துக்கு அந்த எல்லை தெரியாது. தம்பிலுவில், திருக்கோவில், காரைதீவு என்று கரையோரத் தமிழ் ஊர்களுக்கும் இதே பழக்கம், இதே கண்ணகி அம்மன் சடங்கு, இதே வசந்தன். அந்தப் பக்கத்தில் எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் எழுத வேண்டும்.

அரங்கேற்றத்தைத் தவறவிட்டால்?

கவலைப்படாதீர்கள். அரங்கேற்றம் முடிந்தபிறகு வீட்டுக்கு வீடு ஆடுவார்கள். முற்றத்தில் ஒரு துண்டு, ஒரு பாட்டு, ஒரு ஆட்டம். வீட்டுக்காரர் காசோ நெல்லோ கொடுப்பார்கள். ஆட்டக்காரரை இரண்டு முழம் தள்ளி நின்று பார்க்கலாம். காலைத்தான் பார்க்க வேண்டும் என்றால் எனக்கு இதுவே அரங்கேற்றத்தை விட விருப்பம்.

இந்த வருடம் பார்க்க ஆசை. எங்கே போய் யாரைக் கேட்பது?

சூடடிப்பு முடிந்தபிறகு, மாசி பங்குனியில் படுவான்கரைப் பக்கம் போய் தேநீர்க்கடையில் கேளுங்கள். எந்த ஊரில் பழக்கம் நடக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியும். பழக்கத்துக்குப் போனால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அண்ணாவியாருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, குந்துங்கள். அரங்கேற்றம் பெரும்பாலும் அதற்குப் பிந்திய மாதங்களில், ஊர்க் கோயில் திருவிழாவை ஒட்டி வரும். நாள் மாறக்கூடும், செத்தவீடு ஒன்று வந்தால் தள்ளிப் போடுவார்கள். அதனால் போகும் அன்று காலையில் அந்த ஊரில் ஒருவருக்கு ஃபோன் பண்ணி உறுதிப்படுத்துங்கள்.

பாய், போர்வை, ரோர்ச் லைற், தண்ணீர்ப் போத்தல் எடுங்கள். ரிக்கற் கிடையாது. உடுப்புக்கும் களரிக்கும் லைற்மெசினுக்கும் ஊரார் தங்கள் கையில் இருந்துதான் செலவழிக்கிறார்கள், உங்களால் முடிந்ததைக் கூத்து நடத்துகிறவர்களிடம் கொடுங்கள். கட்டியகாரன் வருவதற்கு முன்பே போய்ச் சேருங்கள், மத்தளத்துக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கலாம். எங்களையும் அங்கேதான் காண்பீர்கள்.